நூற்றுக்கு ஒன்று

டோக்கன் நாற்பத்தேழு.
சூரமங்கலம் பதிவு ஆபீஸ் வாசலில்
கேன் டீக்காரர் இரண்டாவது சுற்றும் வந்து போய்விட்டார்.
அர்த்தனாரி என் பெயரை
உரக்க எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறார்
பத்திரம் எழுதுகிறவரின் கம்ப்யூட்டருக்கு.
கோகிலவாணி. வா நெடில். ணி, மூணு சுழி.
பதினாறு வருஷத்தில் என்னை
இத்தனை நீளமாக அவர் கூப்பிட்டதில்லை.

வீடு சிவதாபுரத்தில்.
நானூற்றுப் பத்து சதுரடி, ஓர் அறை, அடுப்படி,
மழைக்கு ஒழுகும் ஒரு மூலை.
விலை ஒன்பது லட்சத்து எண்பதாயிரம்.

முதலில் என் பெயர் இல்லை.
சொசைட்டிக் கடன் அவர் பெயரில்.
முன்பணம் என் சீட்டுப்பணம்,
சீட்டுப்பணத்துக்குப் பெயர் கிடையாது.
நல்லமுத்துதான், பான் கார்டு வாங்கிப் பார்த்தவர்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சொன்னார்:
"பத்து லட்சத்துக்குள்ளதானுங்க?
வீட்டுக்காரம்மா பேர்ல போட்டா
பதிவுக் கட்டணத்துல நூத்துக்கு ஒண்ணு குறையுமுங்க."

ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய்.
கொழுந்தனார் செல்போனில் பெருக்கினார்.
நம்பாமல் அர்த்தனாரி ஒருமுறை பெருக்கினார்.
இருவரும் ஜெராக்ஸ் கடைப் பக்கம் போய்ப் பேசினார்கள்.
திரும்பி வந்தபோது
நான் சொத்து வாங்குகிறவளாகியிருந்தேன்.

"சும்மா கணக்குக்குத்தான்" என்றார் கொழுந்தனார்
என்னைப் பார்க்காமல், என் மடியிலிருந்த பையைப் பார்த்து.

நல்லமுத்து வாசித்துக் காட்டினார்:
ரங்கசாமி வீட்டுக்குத் தெற்கு,
பன்னிரண்டடிப் பொதுத்தடத்துக்கு மேற்கு,
சாக்கடை வாய்க்காலுக்கு வடக்கு,
காலி மனைக்குக் கிழக்கு,
இதன் மத்தியில்...

மத்தியில் என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன்.
மாடிப்படிக்குக் கீழே குடியிருந்திருக்கிறேன்.
லாரிப் பட்டறைக்குப் பின்னால்,
ராத்திரி முழுக்க வெல்டிங் வெளிச்சத்தில்.
குகையில் ஒரு வீடு;
வாடகை ஒருநாள் தள்ளிப்போனதற்கு
மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.
மத்தியில் இருந்ததில்லை.

"...தங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள..."

"எங்களுக்கு ஒரு பொண்ணுதானுங்க" என்றேன்.
அது அச்சு வாசகமாம், எல்லாப் பத்திரத்திலும் வருமாம்.
"வரட்டும். பொண்ணுன்னும் சேத்துடுங்க."
நல்லமுத்து அர்த்தனாரியைப் பார்த்தார்.
அர்த்தனாரி டோக்கன் திரையைப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
அப்புறம் தட்டச்சுச் சத்தம், ஏழெட்டு எழுத்துக்கு.

உள்ளே கேமரா, நீலத் திரை, மைப் பெட்டி.
"வாங்குறது யாரு?"
பழக்கத்தில் இரண்டு ஆண்கள் முன்னால் நகர்ந்தார்கள்.
"நான்."
என் குரல் அந்த அறைக்குக் கொஞ்சம் அதிகம்.

ஜவ்வரிசி மில்லின் மாவுத்தண்ணீரில் ஊறிய பெருவிரலை
இயந்திரம் மூன்று முறை ஏற்கவில்லை.
அர்த்தனாரி தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார்,
ஒவ்வொரு கோடாக, தீப்பெட்டி துடைப்பதுபோல.
நாலாவது முறை விழுந்தது.

மிச்சமான ஒன்பதாயிரத்து எண்ணூறில்
எழுத்துக்கூலி போச்சு. ஸ்வீட் பாக்கெட் போச்சு.
கணக்குச் சொன்னவருக்கும் சாட்சிகளுக்கும்
ஜங்ஷனில் பிரியாணி.
பாக்கி ஐயாயிரத்துச் சொச்சம் ஒழுகும் மூலைக்கு.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்தார்.
"ஓனர் இருக்காருங்களா?"
உள்ளே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அர்த்தனாரி
குடத்தைக் கீழே வைத்துவிட்டு
"இருங்க, கூப்பிடறேன்" என்றார்.
"கோகிலவாணி!"
கிண்டலா, நிஜமா, நான் கேட்டுக்கொள்ளவில்லை.
ணி மட்டும் சரியாக விழுந்தது, மூணு சுழியோடு.

மாடிக்குக் கூட்டிப்போனேன்.
வடகிழக்கே ஏற்காட்டு மலை, மேகம் பாதி ஏறியிருந்தது.
அங்கே இப்போது செண்டு என்ன விலை தெரியுமா என்று
கொத்தனார் ஆரம்பித்தார்.
நான் குனிந்து
விரிசலைக் காட்டினேன்.