வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா

மல்லாவி ஆஸ்பத்திரி.
செவ்வாய்க்கிழமை, சீனி கிளினிக்.
பாண்டியன்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தும்
எனக்குக் கிடைத்தது நாற்பத்தேழாம் துண்டு.
வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்தாயிற்று.
கட்டி வந்த இரண்டு குரக்கன் ரொட்டி
பைக்குள்ளேயே ஆறிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் வந்தாள் கம்பஸ் பிள்ளை,
கழுத்தில் அட்டை, கையில் படிவம்.
"அம்மா, உங்கட திருப்தியைப் பற்றிக் கொஞ்சம் கேட்கலாமோ?"
ஐந்து முகம் வரைந்திருந்தது.
முதலாவது அழுதது.
ஐந்தாவது பல்லுத் தெரியச் சிரித்தது.
நடுவில் ஒன்று
எங்கள் விதானையாரைப் போல
ஒன்றும் சொல்லாமல் பார்த்தது.

காத்திருக்கும் நேரம்?
சிரிக்கிற முகம் என்றேன்.
காத்திருப்பதில் நாங்கள் தேறினவர்கள், பிள்ளை.
இங்கே இருக்க வாங்காவது இருக்கிறது.

மருந்து ஒழுங்காகக் கிடைக்கிறதா?
சிரிக்கிற முகம்.
ஐப்பசியில் மூன்று கிழமை இல்லையென்றார்கள்.
பன்னிரண்டு யூனிட்டை எட்டாக்கி இழுத்தேன்.
ஐப்பசியைப் பற்றி அவள் கேட்கவில்லை.

தாதியர் நடத்தும் விதம்?
இதற்கு மட்டும் யோசிக்காமல் சொன்னேன்.
புஷ்பகாந்தி மிஸ்ஸி பதுளைக்காரி.
ஆரும் மூன்றைக் காட்டி, அவள் மனம் நொந்து
மாற்றம் கேட்டு எழுதிவிட்டால்
பிறகு ஆர் என் காலை எடுத்துத் தன் மடியில் வைப்பது?

போன மாதம் வைத்தாள்.
கண்ணை மூடச் சொல்லி
நைலோன் நூலால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு
"தெரியுதாம்மா?" என்றாள்.
ஒன்றும் தெரியவில்லை.
அவள் மூச்சைப் பிடிக்கிற நேரம் பார்த்து
ஓம் என்றேன், ஓம் என்றேன்.
பத்துக்கு ஏழு.
பள்ளிக்கூடத்திலும் நான் இவ்வளவு எடுத்ததில்லை.
கெண்டைக்காலுக்குள் கிடக்கிற இரும்புத்துண்டு
மழைக்கு முதல்நாளே எனக்குத் தெரியும்.
பாதத்தில் ஏறிய நெருஞ்சியைத்தான்
மூன்றாம் நாள் மகன் கண்டு சொன்னான்.

இன்சுலினை வீட்டில் முறையாக வைத்திருக்கிறீர்களா?
என் முகத்தைப் பார்த்து அவளே சரி போட்டாள்.

வீட்டில் பிரிட்ஜ் இல்லை.
என் மருந்து இருப்பது சந்தியில்,
குணரத்தினத்தார் கடையில்,
நெக்டோவுக்கும் யோகட்டுக்கும் நடுவில்
ஒரு மாஜரின் டப்பாவுக்குள்,
மேலே 'பவளம்' என்று எழுதி.
காலையும் மாலையும் போவேன்.
"உன்ரை சாமான் கிடக்கு, எடு" என்பார்.
குப்பி என்று சொல்லமாட்டார்.
அந்தச் சொல்லை அவர் வாயில் எடுத்துக் கனகாலம்.
அவருடைய மூத்தவளும் ஒன்று கழுத்தில் கட்டியிருந்தாள்.

கடன் கொப்பியில் என் பக்கம் நிரம்பி
அடுத்த பக்கமும் பாதி ஆனபோது
மா தரமாட்டேன் என்றார்.
கத்தினார்கூட, ஆட்கள் நிற்க.
டப்பாவை அசைக்கவில்லை.
கரண்ட் இரண்டு நாள் நின்றபோது
மீன் லொறியை மறித்து ஐஸ் வாங்கினார்.
அந்தக் கிழமை முழுக்க
என் இன்சுலினில் பாரைமீன் மணத்தது.

படிவம் முடிகிற இடத்தில்
மூன்று கோடு வெறுமையாய்க் கிடந்தது.
"வேறு ஏதும் சொல்ல விரும்புறீங்களோ அம்மா?"
"குணரத்தினத்தாரின்ர பிரிட்ஜ்..." என்று தொடங்கினேன்.
பேனை நின்றது.
"அது ஆஸ்பத்திரிச் சேவைக்குள்ள வராதே அம்மா."
கவலையாகத்தான் சொன்னாள்.
அவளையும் ஆரோ எண்ணுவார்கள்,
இன்றைக்கு எத்தனை படிவம் என்று.

நாற்பத்தேழு! உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.
கொப்பியும் பையுமாய் எழும்பி
கதவடிக்குப் போய்விட்டேன்.
"அம்மா, அம்மா, உங்கட செருப்பு!"
ஒற்றைச் செருப்பு
வாங்குக்குக் கீழேயே கிடந்திருக்கிறது.
படிவங்களை வைத்துவிட்டு ஓடி வந்தவள்
குனிந்து என் காலில் மாட்டினாள்.
"இறுக்கமா இருக்கோ? சரியோ?"

ஓம் என்றேன்.