ஊதா வெளிச்சம்

விடுதி மெத்தைகளைச் சோதிக்கும் கைவிளக்கு அது.
கண்ணுக்குப் படாத கறையெல்லாம்
அதன் ஊதா வெளிச்சத்தில் வாய் திறக்கும்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் அறையில்
யார் ஒயினைக் கொட்டினார்,
யார் தலையணையை நனைத்தார்,
யார் நாயை உள்ளே ஒளித்துவைத்து
இல்லையென்று கையெழுத்துப் போட்டார்
எல்லாம் வெர்னா ஸ்டக்கிக்குத் தெரியும்.
சொல்லமாட்டாள்.

இன்று அதைச் சீருடைப் பையில் போட்டு
வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.
காலை ஏழுக்குள் திரும்பிவிடும் பொருள்
திருட்டில் சேராது.

இந்தியானாவில், மன்சி நகரத்தின் ஓரத்தில்,
சக்கரம் கழற்றிய வண்டிவீட்டின் பின்னால்
ஆறு பெயின்ட் வாளிகளில் தக்காளி.
கடைசி உறைபனி போன பிறகு நட்டது.
நேற்று இலை இருந்தது.
இன்று காம்பு மட்டும்.
பச்சைக் காயில் ஒரு கடி,
பாதியில் எழுந்துபோன விருந்தாளி மாதிரி.
கீழே வாளி விளிம்பில்
மிளகு சிந்தியதுபோல் எச்சம்.
அப்படியென்றால் ஆள் மேலேதான் இருக்கிறான்.

பகலில் தேடினாள்.
பச்சைக்குள் பச்சை.
தண்டு என்று பிடித்தது
விரலுக்குள் குளிர்ந்து நெளிந்தது.
கத்தினாள்.
கேட்க ஆளில்லாத வீட்டிலும்
கத்தல் அதே சத்தத்தோடுதான் வருகிறது.

இரவு பத்தரை. விளக்கைப் போட்டாள்.
இலைகள் இருண்டு பின்வாங்க,
கொம்புப்புழுக்கள் மட்டும்
எலுமிச்சை நிறத்தில் எரிந்தன,
விரல் பருமன், வாலில் ஒற்றைக் கொம்பு.
இத்தனை நாள் இவ்வளவு பக்கத்தில்.

பிடித்தால் விடாது, காம்போடு பிய்க்க வேண்டும்.
சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றும்
தொப்பென்று விழுந்தது.
ஏழு வரை மன்னிப்புக் கேட்டாள்.
எட்டிலிருந்து எண்ணிக்கை மட்டும்.

"என்ன அங்கே, பேய் ஓட்டுகிறாயா?"
வேலிக்கு அந்தப்புறம் ஹார்லன் ப்ரூவிட்.
அவர் நாய்தான் ஏழாவது வாளியைக் கவிழ்த்தது;
ஜூனிலிருந்து பேச்சில்லை.
விளக்கைத் திருப்பிக் காட்டினாள்.
மனிதர் உள்ளே போய்
இறைச்சி வாட்டும் இடுக்கியோடு வந்தார்.
நாயைப் பற்றி அவர் எடுக்கவில்லை,
அவளும் எடுக்கவில்லை.

பன்னிரண்டாவது, கடைசி வாளியில்.
முதுகெல்லாம் வெள்ளை,
சோற்றுப்பருக்கை குத்திவைத்தாற்போல.
ஹார்லன் இடுக்கியை நீட்டினார்.
"அதை விடுங்கள்" என்றாள். "அது குளவிக்கூடு."

கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்கள்.
ஆகத்தான் செய்கிறது.
ஒன்றாக அல்ல, அறுபது எழுபதாக.
கொட்டியவள் எப்போதோ பறந்துபோனாள்,
முட்டைகளை உள்ளே விட்டுவிட்டு.
தின்ற தக்காளியெல்லாம்
யாருக்கோ ஊட்டியதாகிவிட்டது.
இப்போது தின்னவில்லை, நகரவில்லை,
சாகவும் இல்லை.
தலையை மட்டும் லேசாக உயர்த்திக்கொண்டு
காத்திருக்கிறது, அல்லது
அப்படி நமக்குத் தோன்றுகிறது.

"கொன்றுவிடுவது நல்லது, அதற்கு" என்றார் ஹார்லன்.
அவள் பதில் தேடினாள்.
தக்காளிக்கு எது நல்லது என்று தெரியும்.
அதற்கு எது நல்லது?
அந்த வாளியை மட்டும்
மற்றவற்றிலிருந்து இழுத்து
வேலியோரம் வைத்தாள்.
உதவ வந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.
இருவருக்கும் வயதாகியிருந்தது.

காலை ஆறு ஐம்பது.
விளக்கு மங்கி மங்கி எரிகிறது.
"புது பேட்டரி, போன வாரம்தான் போட்டது,"
மேற்பார்வையாளப் பெண் தட்டிப் பார்க்கிறாள்.
"ராத்திரி யார் எடுத்தது?"

வெர்னாவின் கட்டைவிரல் நகத்தில்
இன்னும் தக்காளி இலையின் மணம்.
தள்ளுவண்டியில் துண்டுகளை அடுக்கிக்கொண்டு
இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் போகிறாள்.