தரகர் சொல்லாதது

நான்கு படுக்கையறை, இரண்டு கார் நிற்க இடம்,
பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண்.
எல்லாம் சொன்னார் தரகர்.
"அக்கம்பக்கத்தில் யார்?" என்றாள் ஓர்லீன்.
"அதைச் சொல்ல சட்டம் விடாது, மேடம்"
என்று சாவிக்கொத்தைப் பார்த்தார்.

ஆகவே சனிக்கிழமை, விடியுமுன்,
அட்லாண்டாவின் தென்மேற்கில்
ஓக் மரத்தடியில் வாடகைக் காரை நிறுத்தி
காபி ஆறும்வரை காத்திருந்தோம்.

போர்ட்லேண்டில் பதினோரு வருடம்.
என் கதவில் என் சாவியைத் தேடிய இரவு
எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.
பிறகு சிவப்பு, நீலம்.
கைகளைத் தூக்கியபடி
வீட்டு எண்ணை ஒப்பித்தேன்.

இங்கே
தூண் வைத்த மாளிகையிலிருந்து
தலையில் பட்டுத்தொப்பியோடு ஒருத்தி
செய்தித்தாள் எடுக்க வந்தாள்.
ஒருவர் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சினார்.

அப்புறம் அவன்:
முக்காடு போட்ட சட்டை, முகம் தெரியவில்லை,
கைகள் என் நிறம், உயரம் என் மகன்,
அரையிருட்டில் ஓடிவந்தான்.
ஓர்லீன் என் மணிக்கட்டைப் பற்றினாள்.

ஒரு திரைச்சீலையும் விலகவில்லை.
குழாய்க்காரர் தண்ணீரைச் சற்றே ஒதுக்கினார்,
அவன் ஷூ நனையாதிருக்க.

பிறகு எங்கள் கண்ணாடியைத் தட்டினார்.
பழக்கத்தில்
என் இரு கைகளும் ஸ்டியரிங் மேல் ஏறின.

"மூலை வீடா?
கூரை ஒழுகும்.
விலையைக் குறைச்சுக் கேளுங்க."