வேண்ட்ம்

ஊட்டியில் ஒரு ஹோட்டல் மேனேஜர்
மாற்றலாகிப் போகும்போது விற்றது.
மூவாயிரத்து இருநூறுக்கு என்னிடம் வந்தது.
மாதுளை முத்து அளவில் முப்பத்தைந்து பட்டன்,
எதை அழுத்தினாலும் டிக் என்று பதில் சொல்லும்.
கேத்தி பாலாடாவில்
உடனே பதில் சொல்கிற பொருள்
வேறு எதுவும் என்னிடம் இல்லை.

கேரட் கழுவும் ஷெட்டில் நான் கணக்கு.
மார்கழித் தண்ணீர் விரலைக் கடிக்கும்.
கையுறையின் நுனிகளைக் கத்தரித்து
ஸ்வெட்டர் பைக்குள்ளேயே,
பார்க்காமல்,
மூட்டை எண்ணிக்கையை அடித்து அனுப்பிவிடுவேன்.
ஒருமுறை கழுவுதொட்டியில் விழுந்தது.
முதுகைக் கழற்றி, பேட்டரியை உருவி,
அரிசிக்குள் இரண்டு நாள் புதைத்தேன்.
மூன்றாம் நாள் எழுந்து
முதலில் மணியைத் தப்பாகச் சொன்னது.

கேமரா மட்டும் ஒன்றுக்கும் ஆகாது.
அதில் எடுத்தால்
பனியும் பசுவும் ஒரே படம்.
நடுவில் இருக்கும் உருண்டையில் சேறு ஏறி
மேலே போகும், கீழே இறங்காது.
இன்டர்நெட்டைத் திறந்துவிட்டு
ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்,
அப்போதும் மணல் கடிகாரம்தான்.
தமிழ் அதற்குத் தெரியாது.
தமிழில் செய்தி வந்தால்
காலிக் கட்டங்களாக அடுக்கி வைக்கும்,
ஆள் வராத வீட்டு ஜன்னல்கள் மாதிரி.

ஐப்பசியில் ஏ பட்டன் செத்தது.
சேறோ, என் கட்டைவிரலின் பாரமோ.
தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறவளுக்கு
ஏ போனால் என்ன மிஞ்சும்?
அம்மா 'ம்ம்' ஆனாள்.
பணம் 'ப்ன்ம்' ஆனது, அது பரவாயில்லை,
கேட்டவர்களுக்குப் புரிந்தது.
முக்கியமான சேதி என்றால்
பழைய செய்தி எதையாவது திறந்து
ஒரே ஒரு ஏ-யை நகல் எடுத்து வந்து ஒட்டுவேன்,
பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதுபோல.

மூன்று நாள் மழை. மண்ணில் மண்வெட்டி இறங்கவில்லை.
மேட்டுப்பாளையத்திலிருந்து மயில்சாமி கேட்டிருந்தான்:
நாளைக்கு லாரி வேணுமா?
கைநடுக்கம், ஒரு கோடு சிக்னல்,
கடன் வாங்கப் பொறுமை இல்லை.
வேண்டாம் என்று அடித்தேன்.
வேண்ட்ம் என்று போனது.

விடிகாலை மூன்றரைக்கு
ஷெட் தகரத்தில் ஹெட்லைட்.
பர்லியாருக்கு மேலே இரண்டு இடத்தில்
இறங்கி, கல்லை உருட்டிவிட்டு வந்திருக்கிறான்.
தலையில் சாக்கு, தாடியில் தண்ணீர்.
"வேணும்னுதானே போட்டீங்க?"
டீசல் காசு கேட்டான். கொடுத்தேன்.
எண்ணி வாங்கிக்கொண்டான்.
பிறகு போனை வாங்கி ஊதினான்,
குண்டூசியால் ஏ-யை நெம்பினான்,
மற்ற பட்டன்களை வரிசையாக
ஒரு வைத்தியன்போல அழுத்திக் கேட்டான்.
"யூ நல்லாத்தான் இருக்கு.
இனிமே எழுத்து குறைஞ்சு வந்தா
வேண்டாம்னு எடுத்துக்கறேன்."
வெறும் லாரி இறங்கும்போது
கதவுகள் வளைவுக்கு வளைவு அடித்துக்கொள்ளும்.
மூன்றாவது வளைவு வரை கேட்டேன்.

அதற்கப்புறம் சரியாகத்தான் எடுத்துக்கொண்டான்.
வேண்ட்ம் என்றால் வரமாட்டான்.
யூ இருந்தால் வருவான்.
தையில் புதுப் போன் வாங்கினான்,
முழுக்கக் கண்ணாடி, தடவினால் தமிழ்.
பட்டன் இல்லாமல் எப்படி, என்று கேட்டதற்கு
ஈரக்கையில் அது ஆளை மதிக்காது என்று
ஒத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை. ஷெட் பூட்டு.
லோடு இல்லாத நாளென்று அவனுக்கும் தெரியும்.
தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால்தான் சிக்னல்,
அங்கே நிற்கும்போது வந்தது:
பதினேழு கட்டங்கள்,
கடைசியில் ஒரு கேள்விக்குறி.
கேள்விக்குறி மட்டும் இந்தப் போனுக்குத் தெரியும்.

பேக்கரி ஹாலனின் போனுக்கு அனுப்பினால்
படித்துச் சொல்வார்.
ஊருக்கே சொல்வார்.

வி, ஈ, என், டி
வரைக்கும் அடித்துவிட்டேன்.
கீழே பள்ளத்தாக்கில் பனி
தோட்டத்தை வரப்பு வரப்பாக எடுத்துக்கொண்டிருந்தது.
ஏ-யைக் கடன் வாங்க
நேரம் நிறைய இருந்தது.

யூ-வின் மேல் விரலை வைத்தேன்.
டிக் என்றது.