கடைமடை

வார்தோவில் நவம்பரில் போன சூரியன்
ஜனவரி இருபது வரை திரும்பாது.
பகல் என்பதற்குச் சுவர்க் கடிகாரம் ஒன்றே சாட்சி.
நிலவறையில் எனக்கு இரண்டு சாட்சிகள்:
இரண்டு அதிர்வெண் மானிகள்.
ஒரே அலையைக் கொடுத்தாலும்
கடைசி மூன்று இலக்கத்தில் சண்டை.
ஆறு வருடம் பழையதையே நம்பினேன்.
அதன் எண்கள் சிவப்பாக எரியும்,
வேறு காரணம் இல்லை.

மூடிப்போன தொலைபேசி நிலையத்திலிருந்து
ரூபிடியம் பெட்டி ஒன்று வாங்கினேன்,
பிடித்த மீனில் நாற்பது கிலோ விற்ற காசுக்கு.
விசிறி முனக, ஏழு நிமிடம் சூடேறும்.
பிறகு நொடிக்குக் கோடி துடிப்பு,
ஒன்று கூடாமல் குறையாமல்
என்கிறது மூடியில் ஒட்டிய சீட்டு.

பகிரும் பெருக்கியை நானே பற்றவைத்தேன்.
ஒரு மதகு, எட்டு மடை.
அலைக்காட்டிக்கு, சிக்னல் ஜெனரேட்டருக்கு,
சண்டைக்காரர்களுக்கு ஆளுக்கொன்று.
ஒரு மடையில் கல் விழுந்தால்
அடுத்த மடையில் அலை தெரியக்கூடாது.
முதல் இரவே ஐம்பது ஹெர்ட்ஸ் உறுமல்:
சலவை இயந்திரத்தின் எர்த் வழியே
மின்சாரம் ஊர்சுற்றி வந்திருக்கிறது.
வாய்க்கு வாய் பட்டாணி அளவில்
மின்மாற்றி வைத்ததும் அடங்கியது.

மானிகள் சமாதானம்.
கடைசி இலக்கம் வரை ஒரே பேச்சு.
எனக்குத்தான் தூக்கம் போயிற்று.
ஒரே ஊற்றில் குடிப்பவர்கள்
ஒத்துப்போவதில் என்ன அதிசயம்?
ஊற்று ஓர் இம்மி பிசகினால்
எல்லோரும் சேர்ந்தல்லவா பிசகுவோம்,
அதுவும் இத்தனை ஒற்றுமையாக.

எட்டாவது மடை ஹால்வார் கொட்டகைக்கு.
பகலில் தொழிற்சாலையில் நண்டு உடைப்பான்,
இரவில் நிலாவின்மேல் தன் மோர்ஸை எறிந்துவிட்டு
இரண்டரை நொடி
மூச்சைப் பிடித்துக் காத்திருப்பான்.
வேலிக்கடியில், பனிக்குள், அறுபது மீட்டர் கேபிள்.
பக்கத்திலேயே இன்னொன்று,
போனது சேர்ந்ததா என்று திருப்பிச் சொல்ல.

நேற்று மைனஸ் பத்தொன்பது.
திரும்பி வந்த அலை என் திரையில்
ஒரு மயிரிழை
வலப்பக்கம் நகர்ந்து நின்றது.
எண்ணிக்கை குறையவில்லை, அதே கோடி.
குளிரில் கேபிளுக்குத்தான் சோம்பல்.
கடைமடைக்கு எப்போதும் பிந்தித்தான் வரும்.

தொலைபேசியில் சொன்னேன்:
உன் வீட்டில் அரை நானோநொடி தாமதம், ஹால்வார்.
பின்னால் ஏதோ கொதிக்கும் சத்தம்.
"நீ முக்கால் மணி நேரம் தாமதம், தூர்டிஸ்.
நண்டு வெந்து ரப்பராகிறது,
செருப்பை மாட்டு."