கோலிக்குண்டுப் படுக்கை

நூற்று முப்பது கோலிக்குண்டு.
கீழவாசலில் வாங்கியது போதாமல்
மாடிவீட்டு இர்ஃபானிடம் இருபது.
ஆடி ஜெயிக்கத் தெரியாது எனக்கு,
காசு கொடுத்தேன்.
கண்ணாடித் தொட்டியின் அடியில் இரண்டு அடுக்கு,
மேலே நான்கு விரல்கடைத் தண்ணீர்.
செல்லூரில், படிக்கட்டுக்குக் கீழே,
பிரசவ அறை தயார்.

வரிக்கெண்டைகள்.
மேலூர்க் கால்வாயில் முதல் தண்ணீர் வந்த அன்று
துப்பட்டாவில் அள்ளியது பதினொன்று,
மிஞ்சியது ஏழு.
நோட்டில் மார்ஜின் போட்டதுபோல் நீலக் கோடுகள்.
ஒல்லியாய், அடிவயிறு மஞ்சள் தட்டியிருந்தால் ஆண்.
பந்தியிலிருந்து எழுந்து
கொசுவத்தைத் தளர்த்திவிட்டவள் மாதிரி இருந்தால்
பெண்.

ராத்திரி நடுவே ஒரு தடுப்பு,
பிளாஸ்டிக் ஃபைலை வெட்டியது.
இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் இருவர்.
பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.
ஐந்தே முக்காலுக்கு வெளிச்சம் விழும்போது
தடுப்பை உருவுவேன்.
துரத்தல். மூக்கால் விலாவில் இடித்து இடித்து
மூலைக்கு ஓட்டி
உடம்போடு உடம்பு ஒரு நொடி நடுங்க
பத்துப் பதினைந்து உதிரும்.
கடுகில் பாதி. தண்ணீர் நிறம்.

உதிர்ந்த மறுநொடி திரும்புகிறாள்,
தின்ன.

மீன் கண்ணால் பார்த்தே குஞ்சு பொரிக்குமாம்.
இந்த ஊரில் அதைச் சொல்லாத வாய் கிடையாது.
அந்தக் கண்ணைப் பெயராக வைத்துக்கொண்டு
நாலு கோபுரத்துக்கு நடுவே ஆள்கிறவளே,
கோபிக்காதே,
நானும் மூன்று வருஷமாய்க் கவனிக்கிறேன்.
பார்ப்பது நிஜம்தான்.
பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறது.

அதற்குத்தான் கோலி.
முட்டை இடுக்கில் இறங்கிவிடும், வாய் இறங்காது.
தலைகீழாய் நின்று முட்டிப் பார்ப்பாள்,
போய்விடுவாள்.

ஏழு மணிக்குப் பெரியவர்களை வெளியேற்றி
நீலமருந்து இரண்டு சொட்டு.
வெளுத்துப்போனதை இங்க் ஃபில்லரால் உறிஞ்ச வேண்டும்,
ஒன்றில் பூஞ்சை பிடித்தால்
பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும்.
பிறகு என் பிழைப்பு: நாலு பிளவுஸ், கொக்கி, காஜா.
நடுநடுவே எழுந்துபோய்
வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் இடுக்கும் வில்லையை
நானும் இடுக்கிக்கொள்வேன்.

மறுநாள் காலை, கருவைச் சுற்றி வளைந்த ஒரு வால்.
இதயம் அடிக்கிறது.
நூல் அறாமல் மெதுவாக மிதிக்கிற வேகம்.
இன்னும் ஒரு நாள் போனால்
கல்யாண ஆர்டருக்கு மிதிக்கிற வேகம்.

பொரித்ததும் நீந்தாது.
கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு
சும்மா தொங்கும், கமாக்கள்.
பிறகு ஒருமுறை,
மேலே போய்
ஒரே ஒரு வாய் காற்றைக் கடித்துக்கொண்டு வர வேண்டும்.
உள்ளே ஒரு பை இருக்கிறது, அது நிறைய வேண்டும்.
முதல் ஈட்டில் இது எனக்குத் தெரியாது.
பக்கத்துத் தறிப் பட்டறையின் பஞ்சுத் தூசி
சமையல் எண்ணெய்ப் புகையோடு சேர்ந்து
தண்ணீர்மேல் தோலாகப் படர்ந்திருந்தது.
முட்டிப் பார்த்திருக்கின்றன. கிழியவில்லை.
இருநூறும் தரையில் தவழ்ந்தே செத்தன.
ஏனென்று தெரிய எனக்கு எட்டு மாதம்.

இப்போது காலையும் மாலையும்
பிளவுஸ் அளவுக் காகிதம் ஒன்றை
தண்ணீர்மேல் விரித்து
நலுங்காமல் உரிக்கிறேன்.
கைக்குழி வளைவில் பிசுபிசுவென்று
வந்துவிடுகிறது அந்தத் தோல்.
நேற்று நாலரைக்கு முதலில் ஒன்று ஏறியது.
பாதியில் விழுந்தது. திரும்ப ஏறியது.
கடித்தது.
அப்புறம் நடுத்தண்ணீரில், எதையும் பிடிக்காமல்,
நின்றது.
விளக்கு வைப்பதற்குள் அறுபத்து மூன்று.

பெஞ்சமின் அண்ணன் கடையில்
இரண்டு மாதம் கழித்து உருப்படி இரண்டு ரூபாய்.
தீவனக் கணக்கு தனி,
அதை எழுதுவதை விட்டுவிட்டேன்.

இர்ஃபான் வந்து நிற்கிறான்.
விற்றதில் ஒன்று வேண்டுமாம் திரும்ப,
பச்சை, உள்ளே சுழி போட்டது.
காசையும் கொண்டு வந்திருக்கிறான்.
வில்லையை அவனிடம் கொடுத்து
அடியில், இடது ஓரம், என்று காட்டினேன்.
வியாழக்கிழமை வா,
இப்போது அதன்மேல்
ஆள் இருக்கிறது.