ரப்பர் துகள்

ஜனவரி கடைசி வாரம்.
பல்லராட்டில் வடக்குக் காற்று அடிக்கிறது.
ஊரே சீருடைக் கடை வாசலில் வரிசையில் நிற்க
நாங்கள் சாப்பாட்டு மேசையைச்
சன்னலிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டோம்.
அவ்வளவுதான்,
பள்ளிக்கூடம் இடம் மாறிவிட்டது.

போன வருஷம் பதினொரு மணி வெயில்
நேரே நறுமுகையின் நோட்டில் வந்து உட்காரும்.
கண் கூசுது, கண் கூசுது என்றே
ஒரு பருவம் ஓடிப்போனது.
இந்த வருஷம் அவள்
வேறு காரணம் தேட வேண்டும்.

பருப்பு அலமாரியில் மேல்தட்டு பருப்புக்கே.
அதைச் சுகந்தி விட்டுக்கொடுக்கவில்லை.
நடுத்தட்டில் கோந்து, கத்தரிக்கோல்,
ஒரு பக்கம் உடைந்த கவராயம்,
மூடி தொலைந்த ஸ்கெட்ச் பேனாக்கள்,
பேனா தொலைந்த மூடிகள்.
இரண்டுக்கும் பொருத்தம் பார்த்துக்
கல்யாணம் பண்ணிவைக்க
செவ்வேள் ஒரு மதியம் முழுக்க அலைந்தான்.
மூன்று ஜோடி தேறியது.

சுவர் விரிசலை மறைக்கத்தான் உலகப் படம் வாங்கினோம்.
படத்தைவிட விரிசல் நீளம்.
தாஸ்மானியாவுக்கும் தெற்கே
ஒரு சாண் வெளியே வந்து வளைகிறது.
"இது என்ன ஆறு?" என்கிறான்.
பள்ளி திறப்பதற்குள்
ஒரு பதில் யோசித்து வைக்க வேண்டும்.

நீலம் தீர்ந்துவிட்டதாம்,
அதனால் கறுப்பையும் அச்சடிக்க மாட்டேன் என்கிறது பிரிண்டர்.
எங்கள் ஆலைச் சங்கத்தில்கூட
இவ்வளவு ஒற்றுமை கிடையாது.

எட்டுப் பாடத்துக்கும் திட்டம் எழுதிவிட்டாள் சுகந்தி.
எட்டு நிறத்தில் கட்டம் போட்டு.
அதில் என் பெயர் கணக்குக்கு எதிரே இருக்கிறது,
காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை.
உருளைக்கிழங்கு ஆலையில் இரவு முழுக்க நின்றுவிட்டு
குளித்து
காபி குடித்து
வகுத்தலுக்கு வந்து நிற்கிறவன்.

இன்றிரவு ஷிஃப்டுக்கு முன்
எனக்கு ஒரே வேலை.
மூன்றாம் வகுப்புப் பயிற்சிப் புத்தகம்,
நறுமுகை பென்சிலில் போட்டு முடித்தது.
புதிது முப்பத்திரண்டு டாலர்.
ரப்பர் அறுபது சென்ட்.
பக்கம் பக்கமாய் அவள் எட்டு வயதை
அழித்துக்கொண்டு வருகிறேன்.

அழுத்தி எழுதுகிற பிள்ளை.
கறுப்பு போகிறது, பள்ளம் போகவில்லை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
எல்லா விடையும் தெரியும்.
செவ்வேள் இதைக் கண்டுபிடிக்க
இரண்டு நாள் ஆகும், அதிகம் போனால் மூன்று.

எழுபத்தோராம் பக்கம்.
மீதி வரும் வகுத்தல், நாலு கணக்கு.
ஓரத்தில் எறும்பு அளவில் எழுத்து:
'அப்பா தூங்கிட்டாங்க. எழுப்பல. நானே போட்டேன்.'

ரப்பரைக் கீழே வைத்தேன்.

எந்தக் காலை அது?
எவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருந்தாள்?
என் வாய் திறந்திருந்ததா?
அந்தப் பக்கத்தில் மட்டும் என் சிவப்பு மை இல்லை.
திருத்தவே இல்லை நான்.
இப்போது போட்டுப் பார்த்தேன்.
மூன்று சரி.
நாலாவதில் ஈவு சரி,
மீதியை எழுத மறந்திருக்கிறாள்.

சிவப்புப் பேனா எடுத்து
மூன்று டிக்,
நாலாவதுக்கு அரை.
ஓரத்து வாக்கியத்துக்கு முழுசாய் ஒன்று.
அந்தப் பக்கத்தை அழிக்காமல் விட்டேன்.
செவ்வேளுக்கு அங்கே நாலு கணக்கு இலவசம்.
தெரிந்துகொள்ளட்டும், ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று.

பத்தேகால் ஆகிவிட்டது.
மேசையை ஊதினேன், கையால் தட்டினேன்,
ஓடினேன்.

தலைவலை மாட்டி, கையுறைக்குக் கை நீட்டுகையில்
சட்டை மடிப்பிலிருந்து
சாம்பல் நிறத்தில் ஏதோ உதிர்ந்தது
வெள்ளைத் தரையில்.
இங்கே ஒரு நூலிழை விழுந்தாலும்
பதிவேட்டில் எழுத வேண்டும்.
கிரெய்க் குனிந்து பார்த்தான்.
"என்ன இது?"

மூன்றாம் வகுப்பு, என்றேன்.